ஒரு கிழமைக்கான இராச் சாப்பாடு: கையில் உள்ளதைக் கொண்டு திட்டமிடுவோம்

சொந்தக் காணிக்குத் திரும்பிய முதல் மாதங்களில் ஒரு குடும்பத்தின் பகற்பொழுது எப்படிப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். காணி துப்பரவாக்க வேண்டும், கொட்டில் போட வேண்டும், பதிவுகளுக்காகப் பிரதேச செயலகத்துக்குப் போய் வர வேண்டும், இடையில் கூலி வேலை கிடைத்தால் அதையும் விட முடியாது. பிள்ளைகளின் பாடசாலை வேறு. இவ்வளவும் முடிந்து மாலை 5.30 மணிக்கு வீடு வந்தால் இருட்டுகிறது, பிள்ளைகளுக்குப் பசி, விறகு ஈரம். அந்த நேரத்தில்தான் "இன்றைக்கு என்ன சமைப்பது?" என்ற கேள்வி வருகிறது.

நலன்புரி நிலையத்தில் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு அதிகம் இடமிருக்கவில்லை. பொதுச் சமையலறையில் சமைத்ததை அல்லது பங்கீட்டில் கிடைத்ததைச் சாப்பிட்டோம். இப்போது அடுப்பு நம்முடையது, முடிவும் நம்முடையது. ஆனால் களைத்துப்போன நேரத்தில் முடிவெடுத்தால் அது பெரும்பாலும் வெறும் சோறும் சம்பலுமாக, அல்லது கடையில் கடனுக்கு வாங்கிய பிஸ்கட்டும் தேநீருமாக முடிந்துவிடும். ஒரு நாள் அப்படி நடப்பதில் பெரிய பாதிப்பு இல்லை. மாதக் கணக்கில் அப்படியே போனால் பிள்ளையின் நிறை கூடாது, தாயின் இரத்தம் குறையும், கடைக் கொப்பியில் கடன் ஏறும்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். உலர் உணவு நிவாரணம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. அது நின்ற பிறகு திட்டமிடத் தொடங்கினால் காலம் பிந்திவிடும். அரிசியும் மாவும் பருப்பும் கையில் இருக்கும் இந்த மாதங்களிலேயே பழகிக்கொள்ள வேண்டும். அதற்கான ஒரு வழியை இந்தக் கட்டுரை சொல்கிறது. இதற்குத் தேவையானவை ஒரு பழைய கொப்பி, ஒரு பென்சில், ஞாயிற்றுக்கிழமையில் அரை மணித்தியாலம்.

முதலில் இருப்பைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வீட்டில் உள்ளவற்றை எழுதுங்கள். அரிசி எத்தனை பேணி, கோதுமை மா எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். ரின்பால் பேணியால் நான்கு பேணி அரிசி ஏறத்தாழ ஒரு கிலோ வரும். அடுத்த பங்கீடு கிடைக்கும் திகதியையும் பக்கத்தில் குறியுங்கள். இருப்பதை அந்தத் திகதி வரையுள்ள கிழமைகளால் பிரித்தால் ஒரு கிழமைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பது தெரியும். அந்த அளவை மட்டும் அடுப்படியில் வையுங்கள். மீதியை மூடியுள்ள வாளியில், நிலத்திலிருந்து உயர்த்தி, எலியும் ஈரமும் படாமல் வையுங்கள்.

பிறகு காணியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எரிந்து அல்லது முறிந்து போன முருங்கை மீண்டும் துளிர்த்திருக்கலாம். கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படர்ந்திருக்கலாம். பப்பாசியோ அகத்தியோ நிற்கலாம். இவை காசு கொடுக்காமல் கிடைக்கும் சத்து. கடைசியாகத்தான் சந்தையில் வாங்க வேண்டியவற்றை எழுத வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றிச் சந்தையிலிருந்து தொடங்கினால் செலவு கூடும்.

மூன்று பங்கும் உண்டா?

ஒவ்வொரு இராச் சாப்பாட்டிலும் மூன்று வகை உணவு இருக்கின்றதா என்று பாருங்கள்.

சக்தி தருபவை: சோறு, புட்டு, இடியப்பம், ரொட்டி, மரவள்ளி, வற்றாளங்கிழங்கு.

வளர்ச்சி தருபவை: பருப்பு, பயறு, கௌபி, கடலை, மீன், நெத்தலி, முட்டை, சோயா.

பாதுகாப்புத் தருபவை: கீரை வகைகள், பூசணி, மரக்கறிகள், பழங்கள்.

சோறும் சம்பலும் என்றால் முதற்பங்கு மட்டுமே உண்டு. வயிறு நிரம்பும், பிள்ளை வளராது. அதே சோற்றுடன் பருப்பில் ஒரு பிடி முருங்கை இலை போட்டுக் கறி வைத்தால் மூன்று பங்கும் வந்துவிடும். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு சட்டியும் இருபது நிமிடமும்தான். அரிசியில் குறைவாக உள்ள புரதக்கூறு பருப்பிலும் பயறிலும் உண்டு, அவற்றில் குறைவாக உள்ளது அரிசியில் உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது, மீன் வாங்க முடியாத நாட்களிலும் நல்ல சாப்பாடே.

ஒரு கிழமைக்கான மாதிரி

கீழே தரப்படுவது ஒரு தாய், மூன்று பிள்ளைகள், அம்மம்மா என ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கானது. தாய் பகலில் கூலி வேலைக்குப் போகிறார். மின்சாரமோ குளிர்சாதனப் பெட்டியோ இல்லை. உங்கள் குடும்பம் பெரிதானால் அளவைக் கூட்டுங்கள். விரத நாட்களையும் உங்கள் சமய வழக்கங்களையும் பொறுத்து நாட்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

திங்கள்: சோறு, முருங்கை இலை போட்ட பருப்புக் கறி. இரண்டரைப் பேணி அரிசி, முக்கால் பேணி பருப்பு, இரண்டு பிடி இலை, அரைவாசித் தேங்காயின் பால். இறக்கும்போது தேசிக்காய்ப்புளி விடுங்கள்.

செவ்வாய்: தேங்காய்ப்பூ ரொட்டி, கத்தரிக்காய் போட்ட கௌபிக் குழம்பு. திங்களன்று மிஞ்சிய அரைவாசித் தேங்காய் ரொட்டிக்குப் போதும். கௌபியைக் காலையில் வேலைக்குப் போகுமுன் ஊறவைத்தால் மாலையில் விரைவாக அவியும், விறகும் மிஞ்சும்.

புதன்: கீரைப் புட்டு, சூடை மீன் குழம்பு. பங்கீட்டுக் கோதுமை மாவை அவித்து அரித்து, வறுத்த அரிசி மாவுடன் பாதிக்குப் பாதி கலந்து குழைக்கலாம். நீத்துப்பெட்டியில் போடுமுன் பொடியாக அரிந்த கீரையையும் தேங்காய்ப்பூவையும் கலந்துவிடுங்கள். கீரையை ஒதுக்கி வைக்கும் பிள்ளையும் புட்டோடு சேர்ந்தால் சாப்பிடும். சூடை, நெத்தலி போன்ற சிறிய மீன்கள் விலை குறைந்தவை. பெரிய மீனில் உள்ள புரதம் அவற்றிலும் உண்டு.

வியாழன்: சோறு, பூசணிக்காய்ப் பாற்கறி, நெத்தலிக் கருவாட்டுப் பொரியல். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதால் எலும்புக்கு வேண்டிய கல்சியம் கிடைக்கும். கருவாட்டைச் சுடுநீரில் இரு தடவை கழுவினால் உப்புக் குறையும்.

வெள்ளி: சோறு, முளைவிட்ட பயற்றங் கறி, வல்லாரைச் சம்பல். பயற்றைப் புதன் இரவு ஊறவைத்து, வியாழன் காலை நீரை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் வெள்ளி மாலைக்குள் முளைத்திருக்கும். முளைவிடும்போது உயிர்ச்சத்து சி கூடுகிறது.

சனி: கூழ். கிழமை முழுவதும் மிஞ்சிய பயற்றங்காய், கீரை, ஒரு துண்டு பூசணி, ஒரு பிடி அரிசி, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிறு மீன் எல்லாவற்றையும் ஒரே பானையில் போடலாம். ஒடியல் மாவை முன்னரே நீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை ஊற்றிவிட்டால் கைப்புக் குறையும். ஒடியல் மா கிடைக்காவிட்டால் அரிசியையும் பயற்றையும் கூட்டிக் கஞ்சியாகக் காய்ச்சுங்கள். வெள்ளியன்று மிஞ்சிய தேங்காயைச் சொட்டாக நறுக்கிக் கூழோடு கடிக்கலாம்.

ஞாயிறு: இடியப்பம், முட்டை போட்ட சொதி, தேங்காய்ச் சம்பல், பப்பாசிப்பழம். இடியப்பத்துக்கு நேரம் வேண்டும். எல்லோரும் வீட்டில் நிற்கும் நாளில் ஆளுக்கொரு வேலையாகச் செய்யலாம்.

இந்தக் கிழமைக்கு இராச் சாப்பாட்டுக்காக மட்டும் சந்தையில் வாங்க வேண்டியவை: தேங்காய் 4, சூடை மீன் 500 கிராம், கூழுக்குச் சிறு மீன் 250 கிராம், நெத்தலிக் கருவாடு 100 கிராம், கௌபி 250 கிராம், பயறு 250 கிராம், முட்டை 5, பூசணி முக்கால் கிலோ, கத்தரிக்காய் அரைக் கிலோ, பயற்றங்காய் 250 கிராம், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பழப்புளி, தேசிக்காய். வல்லாரையோ கீரையோ காணியில் இல்லாவிட்டால் இரண்டு பிடி. விலையை உங்கள் சந்தையில் விசாரித்துப் பக்கத்தில் எழுதிக் கூட்டுங்கள். தொகை கைக்கு மீறினால் மீனைக் குறைத்துப் பருப்பையும் பயற்றையும் கூட்டுங்கள். கீரையைக் குறைக்க வேண்டாம்.

தேங்காயை உடைத்தால் கண் உள்ள பாதியை முதல் நாளே பாவியுங்கள். அது விரைவில் பழுதாகும் என்பது எங்கள் அம்மாமாரின் அனுபவம்.

ஒரு மணித்தியாலத்தில் சமையல்

மாலை வேலையின் பாதியைக் காலையிலும் முதல் நாள் இரவிலும் பிரித்துவிட்டால் சமையல் பாரமாக இராது.

இரவு படுக்குமுன்: நாளைக்கான தானியத்தைக் கல், தூசி பார்த்து எடுத்து வைக்கவும். விறகை அடுப்புக்குப் பக்கத்தில், ஈரம் படாமல் அடுக்கவும்.

காலையில்: கௌபி, கடலை ஊறவிடவும். மீன் வியாபாரி காலையில் வந்தால், மீனை அப்போதே கழுவி, புளி கூட்டி, தேங்காய்ப்பால் விடாமல் நன்றாகக் கொதிக்கவைத்து மூடி வைக்கவும். மாலையில் மீண்டும் கொதிக்கவிட்டுப் பரிமாறலாம்.

மாலையில்: முதலில் உலை வைக்கவும். அரிசி அவியும் நேரத்தில் மரக்கறி வெட்டவும். சோறு முக்கால் பதத்துக்கு வந்ததும் விறகை இழுத்துக் கறியடுப்புக்கு மாற்றி, பானையைத் தணலில் மூடிவிட்டால் மீதி தானாக அவியும்.

இதெல்லாம் தாய் ஒருவருடைய வேலை அல்ல. பாடசாலையால் வந்த பிள்ளை, ஆணானாலும் பெண்ணானாலும், கீரை ஆயலாம், தேங்காய் திருவலாம், வெங்காயம் உரிக்கலாம். வீட்டில் முதியவர் இருந்தால் அவருக்கும் இருந்தபடி செய்யக்கூடிய வேலை உண்டு. ஆனால் சிறு பிள்ளைகளைத் தனியே அடுப்படியில் விடவேண்டாம். மண்ணெண்ணெய்ப் போத்தலைக் குடிதண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம்.

சத்து வீணாகாமல் இருக்க

மரக்கறியைக் கழுவிய பின் வெட்டுங்கள். வெட்டிய பின் கழுவினால் சத்துத் தண்ணீரோடு போய்விடும்.

கீரையைக் கடைசியில் போட்டு, குறைந்த நேரம் அவியுங்கள். அதில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதற்குத் தேசிக்காய், தக்காளி, நெல்லி போன்ற புளிப்பானவை உதவும்.

சாப்பிட்ட உடனே தேநீர் குடிக்காதீர்கள். தேயிலை இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

பூசணியிலும் கீரையிலும் உள்ள, கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்து ஏ கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பு ஏற்கும். ஆகவே அவற்றைச் சிறிது தேங்காய்ப்பால் அல்லது எண்ணெயோடு சமையுங்கள்.

அயடீன் கலந்த உப்பை மூடிய போத்தலில் வைத்து, கறியை இறக்கும் நேரத்தில் சேருங்கள்.

மரவள்ளிக்கிழங்கை நன்றாகத் தோல் நீக்கி, மூடாத பானையில் முழுமையாக அவித்து, அவித்த நீரை ஊற்றிவிடுங்கள். கைக்கும் கிழங்கையும் நீலம் பாய்ந்த கிழங்கையும் சாப்பிட வேண்டாம்.

மிஞ்சியதை என்ன செய்வது?

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அளவாகச் சமைப்பதே நல்லது. சொதி, பாற்கறி, தேங்காய்ச் சம்பல் என்பவற்றை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம். சோறு மிஞ்சினால் ஆறியதும் சுத்தமான, கொதித்தாறிய நீர் விட்டு மூடி வைத்து, காலையிலேயே வெங்காயமும் மோரும் சேர்த்துச் சாப்பிட்டு முடியுங்கள். மணமோ நிறமோ மாறியிருந்தால், நூல் போல இழுபட்டால், எறிந்துவிடுங்கள். அதைக் காப்பாற்றப் போய் வயிற்றோட்டம் வந்தால், இழக்கும் ஒரு நாள் கூலி அந்தச் சோற்றைவிடப் பெரிது.

நீண்ட காலம் பாவிக்காத கிணறு இறைத்துத் துப்பரவாக்கிக் குளோரின் இடப்பட்டதா என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள். குடிநீரை எப்போதும் கொதிக்க வைத்தே குடியுங்கள். சமைக்கும் முன்னும் பரிமாறும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

கடைசியாகச் சாப்பிடுபவர் யார்?

எமது வெளிக்கள உத்தியோகத்தர்கள் வீடுகளில் அடிக்கடி காண்பது இது. எல்லோருக்கும் பரிமாறிய பின் சட்டியில் ஒட்டியிருப்பதைத் தாய் சாப்பிடுகிறார். மீன் துண்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட, அவருக்குக் குழம்பு மட்டும் மிஞ்சுகிறது. இது பாசத்தால் நடக்கிறது. ஆனால் அந்த வீட்டைத் தூக்கி நிற்பவர் அவர்தான். அவர் விழுந்தால் அடுத்த நாள் அடுப்பு எரியாது.

ஆகவே பரிமாறத் தொடங்கும் முன்னரே எல்லோருடைய பங்கையும் தட்டுகளில் போட்டுவிடுங்கள். தாயின் தட்டும் அதில் ஒன்றாக இருக்கட்டும்.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வழமையைவிடக் கூடுதலான உணவு தேவை. சிகிச்சை நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு அல்லாமல் தண்ணீரோடு எடுக்க வேண்டும். அங்கு தரப்படும் திரிபோஷா அந்தத் தாய்க்கும் அந்தப் பிள்ளைக்கும் உரியது. அதை முழுக் குடும்பத்துக்கும் பங்கிட்டால் யாருக்கும் பயனில்லை.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு, உறைப்புப் போடுமுன் எடுத்து வைத்த சோறு, பருப்பு, கீரையை மசித்து, சிறிது எண்ணெய் அல்லது தேங்காய்ப்பால் சேர்த்துத் தனித் தட்டில் ஊட்டுங்கள். தனித் தட்டு இருந்தால்தான் குழந்தை எவ்வளவு சாப்பிட்டது என்று தெரியும்.

நீரிழிவு உள்ள முதியவருக்குச் சோற்றைக் குறைத்துக் கீரையையும் மரக்கறியையும் கூட்டுங்கள். மருந்து எடுப்பவர் இராச் சாப்பாட்டை விடக் கூடாது.

பிள்ளையின் வளர்ச்சி வரைபடத்தில் நிறை கூடாமல் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். பிள்ளையின் இரு பாதங்களும் வீங்கியிருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கீரைக்கும் விறகுக்கும் போகும்போது

இது சமையல் பற்றிய கட்டுரையானாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. கண்ணிவெடி அகற்றப்பட்டது என உறுதிப்படுத்தப்படாத இடத்துக்குக் கீரை பிடுங்கவோ விறகு பொறுக்கவோ போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகைக்கு அப்பால் எவ்வளவு நல்ல விறகு கிடந்தாலும் அது நமக்கு வேண்டாம். எல்லோரும் நடந்து பழகிய பாதையிலேயே போய் வாருங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கும் கண்ணிவெடி அகற்றும் குழுவினருக்கும் அறிவியுங்கள். காணி துப்பரவாக்கும்போது நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் குப்பைக்குத் தீ வைப்பதும், புதிய இடத்தில் அடுப்பு மூட்டுவதும் ஆபத்தானவை.

நிவாரணம் நிற்கும் நாளுக்கு முன்

பாதுகாப்பானது என உறுதிசெய்யப்பட்ட வீட்டுக் காணியில், கிணற்றடி நீர் ஓடும் பக்கமாக ஒரு சிறு பாத்தி போடுங்கள். தண்டுக்கீரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் பிடுங்கலாம். முருங்கைக் கதியால் வேலியில் நின்றால் இடத்தையும் பிடிக்காது. கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை, பப்பாசி என்பவற்றை மாரி மழையோடு தொடங்கலாம். விதை, கன்று பற்றிய ஆலோசனைகளை உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் பெறலாம். நான்கைந்து கோழிகள் வளர்த்தால் ஞாயிற்றுக்கிழமை முட்டை வீட்டிலேயே கிடைக்கும்.

கடைக் கடனையும் திட்டத்தில் சேருங்கள். கடைக்காரரின் கொப்பியில் எழுதும் ஒவ்வொரு பொருளையும் உங்கள் கொப்பியிலும் எழுதுங்கள். கிழமை முடிவில் பிஸ்கட், பைக்கற்று நூடில்ஸ், சோடா போன்றவற்றுக்குப் போன காசை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள். அந்தக் காசில் எத்தனை முட்டை, எவ்வளவு பயறு வாங்கியிருக்கலாம் என்று பிள்ளைகளையும் இருத்தி வைத்துக் கணக்குப் பார்க்கலாம்.

முதற் கிழமையிலேயே ஏழு நாளும் சரிவர வேண்டும் என்றில்லை. மழை பெய்யும், வேலை பிந்தும், ஒரு நாள் சோறும் சம்பலும்தான் என்றாகும். அடுத்த நாள் திட்டத்துக்குத் திரும்பி வாருங்கள். முதலில் இரண்டு நாட்களைத் தெரிவு செய்து அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்யுங்கள். பிறகு மற்ற நாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கிழமை மாதிரியுள்ள பக்கத்தை வெட்டியெடுத்து அடுப்படியில் ஒட்டி வையுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத அயலவர் இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மேலதிக விளக்கம் தேவைப்பட்டால் உங்கள் கிராமத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ எமது வெளிக்கள உத்தியோகத்தரிடமோ கேளுங்கள்.